கோல்ட்விங் வாங்கியாச்சு, ரேடியோ மட்டும் இரைகிறது

டாலஸ் பக்கம் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. போன மாதம் 2003 மாடல் ஹோண்டா கோல்ட்விங் பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். 1832 சிசி, ஆறு சிலிண்டர், ஜிஎல்1800. எஞ்சினில் ஒரு குறையும் இல்லையாம். ரேடியோதான் படுத்துகிறது. ஊருக்குள் எஃப்.எம். கரகரவென்று கேட்கிறது, ஹைவே ஏறினால் அதுவும் போய்விடுகிறது. சேமித்து வைத்த நிலையங்கள் மறுநாள் காலையில் காணோம். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறது. இணையத்தில் பழைய ரேடியோ பெட்டி ஒன்று 300 டாலருக்குக் கிடைக்கிறது, வாங்கி மாற்றிவிடட்டுமா என்கிறார்.

வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் சொல்லியிருப்பது மூன்று தொந்தரவு. மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம், மூன்றுமே பெட்டிக்கு வெளியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரேடியோ பெட்டி ஃபேரிங்குக்குள்ளே, அதாவது முன்பக்கப் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளே, மழை படாமல், வெயில் படாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆன்டெனாவும் அதன் கேபிளும் இருபது வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. எர்த் வயர்கள் அத்தனை வருஷமும் அதிர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. இதெல்லாம் போதாதென்று முன் ஓனர் ஒருவரோ நான்கு பேரோ வண்டியில் கை வைத்திருப்பார்கள். பழைய வண்டி ரேடியோவில் முதல் சந்தேகம் முன் ஓனர் மேல், இரண்டாவது ஆன்டெனா மேல், மூன்றாவது பேட்டரி மேல். பெட்டியின் முறை கடைசியில்தான் வரும்.

இந்த வரிசையை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நான் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கம். 1980-லிருந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கோல்ட்விங் தயாரான மேரிஸ்வில் இங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணம். (அப்புறம் தயாரிப்பு ஜப்பானில் குமமோட்டோவுக்குப் போய்விட்டது.) என் முதல் வண்டி 1996 மாடல் ஜிஎல்1500. வாங்கி இரண்டாம் நாளே ரேடியோ ஊமை. திரையில் எண் ஓடுகிறது, நிலையம் மாறுகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஒரு கடையில் கொடுத்தேன். ஆம்ப்ளிஃபையர் போச்சு என்றார்கள். பெட்டியைக் கழற்றி எங்கோ அனுப்பி, மூன்று வாரம் வைத்திருந்து, 240 டாலர் வாங்கிக்கொண்டு திருப்பி மாட்டிக் கொடுத்தார்கள். அப்போதும் ஊமைதான். அடுத்த வாரம் பெட்ரோல் போட நின்றபோது பக்கத்தில் இன்னொரு கோல்ட்விங்கில் வந்த தாத்தா ஒருவர் குனிந்து பார்த்தார். ஒரு பட்டனை அமுக்கினார், பாட்டு வந்தது. சத்தம் ஸ்பீக்கருக்கா ஹெல்மெட் ஹெட்செட்டுக்கா என்று தேர்வு செய்யும் பட்டன் அது. முன் ஓனர் எப்போதும் ஹெட்செட்டில் கேட்டவர், அந்தப் பக்கமே விட்டுவிட்டு விற்றிருக்கிறார். தாத்தா சிரிக்கக்கூட இல்லை, அதுதான் இன்னும் வலித்தது.

உங்களுக்குச் சத்தம் வருகிறது, அதனால் இந்தக் கதை பொருந்தாது. ஆனாலும் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்னால் கையேட்டை எடுத்து ஒரு மணி நேரம் படியுங்கள். டூரிங் வண்டி ரேடியோவில் பழுது போலவே தோன்றும் சாதாரண விஷயங்கள் நிறைய. உதாரணத்துக்கு, வேகத்துக்கேற்ப ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி உங்கள் வண்டியில் உண்டு. சிக்னலில் நின்றதும் சத்தம் இறங்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். சி.பி. ரேடியோ (வண்டிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோ) பொருத்திய வண்டியாக இருந்து, அதன் ஸ்குவெல்ச்சை, அதாவது யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் திருகை, முழுக்கத் திறந்து வைத்திருந்தால், பாட்டோடு சேர்ந்து 'உஸ்ஸ்' என்று ஓயாமல் ஒரு இரைச்சல் வரும். எஃப்.எம். கெட்டுப்போனது மாதிரியே இருக்கும். சி.பி.யை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

சரி, கையேடு படித்தாயிற்று. இனி சாவி, காது, ஐந்து நிமிடம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். கராஜுக்குள் செய்தால் கராஜின் எல்.இ.டி. விளக்கே உங்களை ஏமாற்றிவிடும். சாவியை ஆக்சஸரி நிலையில் மட்டும் வையுங்கள். எஞ்சின் ஓடாது, ஹெட்லைட் எரியாது. ரேடியோவில் ஏ.எம். போட்டு 820-க்குப் போங்கள். ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூபிஏபி அது, 50,000 வாட் நிலையம். உங்கள் ஊரில் கம்பி வேலியில்கூட அது கேட்க வேண்டும். அப்புறம் எஃப்.எம். 90.1. இரண்டும் எப்படி இருக்கின்றன என்று மனதில் வைத்துக்கொண்டு சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஹெட்லைட் எரியும். அந்த நொடியில் இரைச்சல் குபுக்கென்று கூடினால் குற்றவாளி எஞ்சினும் இல்லை, ரேடியோவும் இல்லை. ஹெட்லைட்டில் யாரோ மலிவான எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறார்கள், அல்லது ஆன் நிலையில் உயிர் பெறும் யு.எஸ்.பி. சார்ஜர் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. இவற்றுக்குள் மின்னழுத்தத்தை மாற்றும் சின்ன சர்க்யூட் ஒன்று வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆனாகி ஆஃபாகிறது. உள்ளே சரியான வடிகட்டி வைக்காத சரக்கு என்றால், அந்த பல்பே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். ஹெட்லைட் ஃப்யூஸைப் பிடுங்கிப் பாருங்கள், அமைதியானால் விடை கிடைத்துவிட்டது.

ஆன் நிலையிலும் சுத்தமாக இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, இரைச்சலின் குணத்தைக் கேளுங்கள். 'டிக் டிக் டிக்' என்று வந்து, முறுக்கும்போது அது நெருங்கினால் ஸ்பார்க் பிளக் பக்கம் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு உரிய என்ஜிகே பிளக்கின் எண் பிகேஆர்6ஈ-11. நடுவில் வரும் 'ஆர்' என்ற எழுத்துக்கு ரெசிஸ்டர் உள்ளே இருக்கிறது என்று பொருள், ரேடியோ இரைச்சலை அடக்கத்தான் அது. யாராவது ரெசிஸ்டர் இல்லாத பிளக்கை மாட்டியிருந்தால் ஏ.எம். கேட்கவே முடியாது. நீங்கள் சொல்வது போல ராகமாக ஏறி இறங்கும் 'ஙொய்' என்றால் அது ஆல்டர்னேட்டரின் குரல், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது அதுதான். எர்த் பலவீனம், அல்லது வயரிங்கில் சுற்றுவழி. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆன்டெனா. ஊருக்குள் கரகர, ஹைவேயில் காணோம் என்றால் பத்தில் எட்டு தடவை இதுதான்.

பின் டிக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பியைப் பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறதா, இரண்டா? இரண்டு என்றால் ஒன்று சி.பி.க்கு. சி.பி. வேலை செய்வது 27 மெகாஹெர்ட்ஸில், எஃப்.எம். அதைவிட நான்கு மடங்குக்குப் பக்கமான அலைவரிசையில். ஒன்றின் கம்பி மற்றொன்றுக்கு ஆகாது. சி.பி. கம்பியை எஃப்.எம். கேபிளில் திருகி வைத்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு கம்பி இருந்தால் அது எதனுடையது என்று கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும், நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பி ஒரு சாண் நீளம்தான் இருக்கிறதென்றால், அழகுக்காக மாற்றிய குட்டி ஆன்டெனா. அழகு இருக்கும், நிலையம் இருக்காது.

அடுத்து ஒரு சோதனை. உங்கள் 300 டாலர் கேள்விக்கு விடை இதில்தான். 75 சென்டிமீட்டர் சாதாரண வயர் ஒன்றை வெட்டி, ஒரு முனையில் ஒரு விரல்கடை அளவுக்கு உறையை உரித்துக்கொள்ளுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால்வாசி 75 சென்டிமீட்டர். கணக்கு அவ்வளவுதான். சீட்டைக் கழற்றி, கம்பியின் அடியிலிருந்து வரும் கேபிளைத் தொடர்ந்து போங்கள். முதலில் எந்த இடத்தில் இணைப்பு அகப்படுகிறதோ அங்கே பிரித்து, ரேடியோவுக்குப் போகும் பாதியின் நடுத் துளையில் மட்டும் அந்த வயரைச் செருகுங்கள். வெளி வளையத்தில் பட்டுவிடக் கூடாது. வயரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எஃப்.எம். போடுங்கள். நிலையங்கள் பளிச்சென்று வந்தால் உங்கள் ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டது அந்த இணைப்புக்குப் பின்னால், கம்பியிலோ கேபிளிலோ. வராவிட்டால் இன்னும் முன்னால் போய், ரேடியோவின் முதுகிலேயே இதைச் செய்ய வேண்டும். அங்கேயும் வராவிட்டால்தான் பெட்டி மேல் சந்தேகம்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நிச்சயமாகச் சொல்லலாம். கம்பி மாட்டும் திருகாணிக்கும் கேபிள் முனையின் நடு ஊசிக்கும் இடையில் ஓம் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால் கேபிள் உள்ளே நசுங்கியிருக்கிறது. (சி.பி. ஆன்டெனாக்கள் சிலவற்றின் அடியில் ஒரு சுருள் இருக்கும், அவற்றில் இந்த இரண்டாவது அளவு பூஜ்யம் காட்டுவது இயல்பு. பயப்பட வேண்டாம்.) ஏ.எம். சுத்தமாகச் செத்திருந்து, பக்கத்து எஃப்.எம். நிலையங்கள் மட்டும் மங்கலாகக் கேட்டால் நடுக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது என்று மீட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். எஃப்.எம். அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டி ஓரளவு வந்துவிடும், ஏ.எம்.முக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

கேபிளின் உறையை ஓர் இடத்தில் விலக்கிப் பாருங்கள். உள்ளே பின்னல் செம்பு மினுமினுவென்று இருக்க வேண்டும். என் 1500-இல் அது கறுத்துப் போய், தொட்டால் விரலில் பொடியாக ஒட்டியது. பிளக்கின் அடியில் பச்சைக் களிம்பு, கவனிக்காமல் விட்ட பித்தளைக் குத்துவிளக்கில் படியுமே அது போல. தண்ணீர் கம்பியின் அடி வழியாக இறங்கி, பின்னலைத் திரி மாதிரி பிடித்துக்கொண்டு ஓரடிக்கு மேல் ஏறியிருந்தது. மினுக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போய், கடைசியில் கேபிளையே மாற்றினேன். இருபது டாலருக்குள் முடிந்த வேலை. ஆன்டெனாவைத் தாங்கும் பட்டையில் துரு இருந்தால் அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கேபிளின் வெளிப் பின்னலுக்கு அங்கே எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால் புதுக் கேபிளும் பழைய கரகரப்பும்தான் மிஞ்சும்.

இனி, ராத்திரியில் நிலையங்கள் மறந்துபோவது. ரேடியோவுக்கு மின்சாரம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று சாவி திருப்பினால் வருவது, மற்றொன்று சாவி இல்லாமலே பேட்டரியிலிருந்து எப்போதும் சொட்டுச் சொட்டாக வருவது. நினைவாற்றல் இரண்டாவதைச் சார்ந்தது. எப்போது மறக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நிலையங்களைச் சேமித்து, சாவியை அணைத்து, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து ஆக்சஸரியில் பாருங்கள். போயிருந்தால் அந்த இரண்டாவது வழியில் ஃப்யூஸோ இணைப்போ இல்லை. ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள், மீட்டரில் அளந்து சொல்லுங்கள். முடி அளவு விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று: ராத்திரி பேட்டரி இறங்கிவிடுகிறது என்று சிலர் நெகட்டிவ் பக்கம் திருகு ஸ்விட்ச் ஒன்றை மாட்டுவார்கள். முன் ஓனர் மாட்டியிருந்து நீங்களும் பழக்கத்தில் அணைத்துக்கொண்டிருந்தால் ரேடியோவைக் குறை சொல்ல முடியாது.

தேநீருக்குப் பிறகும் நினைவு இருக்கிறது, ஸ்டார்ட்டரை அமுக்கியதும்தான் மறக்கிறது என்றால் பேட்டரி. பல மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டாவது இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10-க்குக் கீழே சரிந்தால், எஞ்சின் பிடித்துக்கொள்ளும், ரேடியோவின் மூளை மயங்கிவிடும். எஞ்சின் ஓடும்போது, கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால், 13.5-லிருந்து 14.5 வரை. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரேடியோவுக்கு மட்டுமல்ல, வண்டியில் வரும் எந்த மின்சாரத் தகராறுக்கும் முதலில் கேட்கப்படும் எண்கள் இவை.

இப்போது 'ஙொய்'. இதில் நான் முதலில் கேட்பது, எஃப்.எம். கேட்கும்போதும் வருகிறதா, இல்லை ஃபோனை ஆக்ஸ் வயரில் மாட்டி, அதே ஃபோனை வண்டியிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு கேட்கும்போதுதான் வருகிறதா என்று. இரண்டாவது என்றால் சார்ஜர் வயரைப் பிடுங்குங்கள், சத்தம் நின்றுவிடும். ஃபோனுக்கு எர்த் இரண்டு பக்கமிருந்து போய், அந்தச் சுற்றில் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் ஓடுகிறது. கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டால் கட்டைவிரல் அளவில் ஒன்று தருவார்கள். ஆக்ஸ் வயரின் நடுவில் மாட்டினால் தீர்ந்தது.

எஃப்.எம்.மிலும் வருகிறதென்றால் எர்த்தை அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே அழுத்துங்கள், கவ்வியில் அல்ல. மறுமுனையை ரேடியோவின் எர்த் வயரில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வையுங்கள். 0.1 வோல்ட் வந்தால் நல்லது. 0.3, 0.4 என்று வந்தால் இடையில் எங்கோ இணைப்பு சரியில்லை. பேட்டரி முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் எர்த் இணைப்பாகக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டே வாருங்கள். வழியில் நீல நிற, சிவப்பு நிற பிளாஸ்டிக் கவ்விகளைப் பார்ப்பீர்கள். வயரை வெட்டாமல் கடித்துக் கிளை எடுக்கும் கவ்விகள். பனி விளக்குக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று, சூடேறும் ஜாக்கெட்டுக்கு ஒன்று என்று முன் ஓனர் விட்டுப்போன சீதனம். இவை வயரின் இழைகளில் பாதியை அறுத்துவிட்டு, மீதியில் ஈரத்தை ஏற்றும். இன்றைக்கு உங்களுக்குப் பயன்படாத ஒவ்வொன்றையும் எடுத்துவிடுங்கள். கடிபட்ட இடத்தைச் சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் குழாய் உறையைப் போடுங்கள். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றாதீர்கள், டெக்சஸ் வெயிலில் ஒரே கோடையில் பிசுபிசுத்துப் பிரிந்துவிடும்.

ஸ்பீக்கரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒன்று மட்டும்: ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் அதன் இரண்டு வயரையும் கழற்றி, ஒரு ஏஏ பேட்டரியின் இரு முனையிலும் தொட்டுத் தொட்டு எடுங்கள். 'டப்' 'டப்' என்றால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. ஸ்பீக்கரின் நெகட்டிவ்வை வண்டியின் சட்டத்தோடு சேர்த்து எர்த் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வயர் எர்த் இல்லை, ஆம்ப்ளிஃபையரை எரித்துவிடுவீர்கள்.

பிளாஸ்டிக் பேனல்களைக் கழற்றும் வேலைக்கு ஒரு முழு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். இங்கத்திய கோல்ட்விங்காரர்கள் இந்தப் பேனல்களைக் கேலியாக 'டப்பர்வேர்' என்பார்கள். இருபது வருஷப் பிளாஸ்டிக்கின் காதுகள் அப்பளம் மாதிரி ஒடியும். இழுப்பதற்கு முன் ரப்பர் வளையங்களில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். திருகுகளை முட்டை அட்டையில் கழற்றிய வரிசைப்படி போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டுத்தான் கனெக்டர்களில் கை வைக்க வேண்டும். பெட்டியின் பின்னால் இருக்கும் கனெக்டர்களைப் பிடுங்கி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மூன்று நான்கு தடவை செருகி எடுங்கள். அதிலேயே பிழைத்த ரேடியோக்கள் உண்டு. ஹேண்டில்பாரிலோ பேனலிலோ சில பட்டன்கள் மட்டும் கேட்காவிட்டால் அதற்கும் இதே மருந்துதான், அடித்துவிட்டு முப்பது நாற்பது தடவை அமுக்கிவிடுங்கள்.

இதே கேள்வியை வேறு நாட்டிலிருந்து கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் எல்லாமே புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்ணில் முடியும், 88.1, 90.1 என்று. அதற்கேற்ப இங்கே விற்ற ரேடியோக்கள் பலவும் 88.1, 88.3 என்று 0.2 அளவில்தான் தாவும். அப்படிப்பட்ட வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோனால் 98.3 கிடைக்கும், 106.4-இல் நிற்க முடியாது. சிங்கப்பூரின் தமிழ் நிலையமான 'ஒலி 96.8'-க்கும் அதே கதி. ஜப்பானுக்காகச் செய்த பழைய ரேடியோ என்றால் எஃப்.எம். 76-இல் ஆரம்பித்து 90-இல் முடிந்துவிடும், வேறு எந்த ஊரில் வைத்தாலும் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான். ஆன்டெனாவை எத்தனை தடவை மாற்றினாலும் இது சரியாகாது.

உங்களுக்கு வருகிறேன். இந்த வார இறுதியில் ஆக்சஸரி, ஆன், ஸ்டார்ட் சோதனையும் 75 சென்டிமீட்டர் வயர் சோதனையும் செய்யுங்கள். பேட்டரியின் மூன்று எண்களையும் எர்த் அளவையும் எழுதி அனுப்புங்கள். வயரை ரேடியோவின் முதுகிலேயே செருகியும் எஃப்.எம். வரவில்லை, மின்சாரம் இரண்டு வழியிலும் சரியாக வருகிறது என்றால், அந்த 300 டாலர் பெட்டியின் பாகம் எண்ணும் உங்கள் பெட்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று சேர்ந்து பார்க்கலாம். விற்பவரிடம் அது ஓடும் வீடியோவைக் கேட்டு வாங்கி வையுங்கள், ஏ.எம்.மில் ஒரு தடவை, எஃப்.எம்.மில் ஒரு தடவை.